மண்வாசனையின் உடற்கூறு

கோடையில் வெடித்துக் கிடந்த காட்டில் முதல் மழை விழுந்ததும் எழும் வாசனை மண்ணுக்கே சொந்தமானதுபோலத் தோன்றும். அதைச் செய்வது மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா. 1965இல் நான்சி கெர்பரும் ஹூபர்ட் லெஷவாலியேயும் அந்த மணப்பொருளைப் பிரித்தெடுத்து ஜியோஸ்மின் என்று பெயரிட்டார்கள். கிரேக்கச் சொற்களில் அதற்கு மண்மணம் என்றே பொருள். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். இந்த மணத்தால் பாக்டீரியாவுக்கு என்ன ஆதாயம் என்பது 2020இல்தான் ஓரளவு தெளிவாயிற்று. மணத்தைத் தேடி வரும் நுண்ணிய தாவுபூச்சிகள் ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தின்கின்றன. அதன் வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டும் கழிவோடு விட்டும் போகுமிடமெல்லாம் பரப்புகின்றன.

கண்மாய் மீனில் அடிக்கும் சேற்றுவாடைக்கும் பெரும்பாலும் ஜியோஸ்மின்தான் காரணம். அங்கே அதைச் செய்பவை நீலப்பச்சை பாக்டீரியாக்கள். அமிலம் பட்டால் ஜியோஸ்மின் மணமற்ற வேறொரு பொருளாகச் சிதைந்துவிடும். மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதும் குழம்பில் புளியைத் தூக்கலாக வைப்பதும், பெயர் தெரியாமலே அடுப்படியில் கண்டடைந்த வேதியியல்.

இந்த மண்வாசனையும் கண்மாய் மீனும் பழகிய ஊர் எழுமலை. மதுரைக்கு மேற்கே, பேரையூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியது. கண்மாயும் கிணறும் எட்டாத நிலமெல்லாம் மானாவாரி. சோளம், பருத்தி, நிலக்கடலை, துவரை, தட்டைப்பயறு என்று வானத்தைப் பார்த்து விதைக்கும் வெள்ளாமை. நிலம் வளமாக இருந்தால் ஒரு கிராம் மண்ணில் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கும். பாடநூல்கள் பாக்டீரியாவின் அமைப்பை ஓர் அத்தியாயத்திலும், நன்மைகளை அடுத்ததிலும், நோய்களை அதற்கடுத்ததிலும் வைக்கின்றன. செல்லுக்குள் அப்படிப் பிரிவினை இல்லை. வேரில் ஒட்டவைக்கும் உறுப்பே பல்லிலும் ஒட்டவைக்கிறது. மருந்தைச் செய்யும் குலத்திலேயே காலைத் தின்னும் இனமும் இருக்கிறது. அமைப்பை வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்துப் போனால் பயனும் தீங்கும் அந்தந்த இடத்திலேயே விளங்கும்.

அளவிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான பாக்டீரியாக்களின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். ஓர் எள்ளின் நீளத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தலாம். உருண்டை, கோல், சுருள் என்பவை வழக்கமான வடிவங்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்றவை பூஞ்சையைப்போல இழைகளாகக் கிளைத்து வளரும். அதனால் வெகுகாலம் அவற்றைப் பூஞ்சை என்றே நினைத்தார்கள். உடல் இவ்வளவு சிறியதாக இருப்பதால் உணவை உள்ளே கொண்டுசேர்க்கக் குழாயோ ரத்தமோ வேண்டியதில்லை. சவ்வைத் தாண்டிய சர்க்கரை, கணப்பொழுதில் செல்லெங்கும் பரவிவிடும். பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிக அதிகம் என்பதால் உண்பதும் கழிப்பதும் வேகமாக நடக்கும். தோதான சூழலில் குடல்வாழ் எஷ்ஷரிஷியா கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ராத்திரி வைத்த உறை காலையில் தயிராவது இந்த வேகத்தால்தான்.

பல பாக்டீரியாக்களுக்குச் சுவருக்கும் வெளியே ஒரு பிசின் உறை உண்டு. சர்க்கரைக் கண்ணிகள் நீளமாகக் கோத்த வழவழப்பான பொருள் அது. உலராமல் காப்பதும், பரப்புகளில் ஒட்டவைப்பதும், தன்னை விழுங்க வரும் செல்களுக்குப் பிடிகொடுக்காமல் நழுவவைப்பதும் அதன் வேலை. உளுந்தோடு ஒட்டி வரும் லூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற உருண்டைப் பாக்டீரியா, ஆட்டிவைத்த இட்லி மாவில் முதலில் பெருகுகிறது. அது சர்க்கரையை லாக்டிக் அமிலமாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. வாயு மாவைப் பொங்கவைக்கிறது, அமிலம் புளிக்கவைக்கிறது. பொங்கிய மாவு அமுங்கிப்போகாமல் பிடித்துவைப்பது உளுந்தின் வழவழப்பு. சாதாரணச் சர்க்கரை கிடைக்கும் இடத்தில் இதே லூகோநாஸ்டாக், டெக்ஸ்ட்ரான் என்ற பிசினைத் தன் உடலுக்கு வெளியே நூற்கும். கரும்பாலையில் சாறு கொழகொழத்து வடிகட்டி அடைத்தால் அது நஷ்டம். அதே டெக்ஸ்ட்ரானைச் சுத்திகரித்து, ரத்தம் இழந்தவர்களின் நாளத்தில் ஏற்றும் திரவமாக மருத்துவம் பயன்படுத்தியது. வாய்க்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் இதைப் போன்ற ஒரு பிசினால்தான் பல்லில் ஒட்டிக்கொண்டு, அமிலத்தால் அரித்துச் சொத்தையாக்குகிறது.

பிசினுக்கு உள்ளே இருப்பது சுவர். சர்க்கரைச் சங்கிலிகளைக் குறுக்கே சிறு புரதத் துண்டுகளால் இணைத்துப் பின்னிய வலை அது. பெப்டிடோகிளைகன் என்று பெயர். செல்லின் உள்ளே உப்பும் சர்க்கரையும் செறிந்திருப்பதால் வெளித்தண்ணீர் உள்ளே புகத் துடிக்கும். சுவர் இல்லாவிட்டால் செல் வீங்கி வெடித்துவிடும். 1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் ஊதாச் சாயத்தை ஏற்றி ஆல்கஹாலில் கழுவியபோது சில பாக்டீரியாக்கள் சாயத்தைப் பிடித்துக்கொண்டன, சில விட்டுவிட்டன. சுவர் தடித்தவை கிராம் பாசிட்டிவ். சுவர் மெலிந்து, அதற்கு வெளியே இன்னொரு சவ்வைப் போர்த்தியவை கிராம் நெகட்டிவ். எந்த மருந்து உள்ளே நுழையும், எது நுழையாது என்பதை இன்றும் பெருமளவு தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான். பென்சிலின் அந்த வலையின் குறுக்கு முடிச்சுகளைப் போடவிடாமல் தடுக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் செல் தானே உடைகிறது. மனிதச் செல்லுக்குச் சுவரே இல்லை என்பதால் மருந்து நம்மை விட்டுவிடுகிறது.

காசநோய்க் கிருமியின் சுவர் இரண்டு வகையிலும் சேராதது. மைக்காலிக் அமிலம் என்ற மெழுகு பூசிய அந்தச் சுவரைப் பல மருந்துகள் துளைக்க முடியாது. ஐசோனியாசிட் என்ற மாத்திரை அந்த மெழுகைச் செய்யும் பட்டறையையே மூடுகிறது. முன்பு காசநோயாளிகளை ஊருக்கு வெளியே நல்ல காற்றுள்ள சானடோரியங்களில் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடி ஒரு வருடம் மாத்திரை உண்பவர்களும் சானடோரியத்தில் இருப்பவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது. சுவரைக் கட்டவிடாத மாத்திரை கிடைத்த பிறகு நோயாளி வீட்டைவிட்டுப் போகவேண்டியதில்லை என்றாயிற்று.

சுவருக்கு உள்பக்கம் செல்லைச் சுற்றி இருப்பது சவ்வு. எது வரலாம், எது போகலாம் என்று பார்க்கும் வாசல் அது. பாக்டீரியாவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது என்பதால் மூச்சுவிட்டு ஆற்றல் செய்யும் வேலையும் இந்தச் சவ்வில்தான் நடக்கிறது. மனிதச் சவ்வுக்கு விறைப்பைத் தருவது கொலஸ்ட்ரால். பூஞ்சைச் சவ்வில் அதே வேலையை எர்கோஸ்டெரால் செய்கிறது. பாக்டீரியாக்களின் சவ்வில் ஏறக்குறைய எதிலுமே ஸ்டெரால் இல்லை. இந்தச் சின்ன வேறுபாடு மதுரை வட்டாரத்துக் கண்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அறுவடைக் காலத்தில் கதிரின் சொணையோ சோளத்தட்டையின் ஓரமோ முள்ளோ கண்ணில் கீறினால் அந்தக் கீறல் வழியாக மண்ணின் நுண்ணுயிர் நுழைந்து கருவிழியில் புண் வைக்கும். 1993இல் மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு 113 பேர் என்ற கணக்கில் கருவிழிப்புண் வந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பணக்கார நாடுகளைவிட இது பல மடங்கு. 1994இல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறத்தாழப் பாதி பாக்டீரியா, பாதி பூஞ்சை. பூஞ்சைகளில் முன்னின்றது மண்ணிலும் பயிரிலும் வாழும் ஃபியூசேரியம். பூஞ்சை வைக்கும் புண்ணுக்கு இரண்டு மருந்துகளில் எது மேல் என்று அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஒப்பீட்டின் முடிவு 2013இல் வெளிவந்தது. புதிய மருந்தான வோரிகோனசோலைவிடப் பழைய நேட்டமைசின் சொட்டுமருந்தே சிறந்தது, குறிப்பாக ஃபியூசேரியத்துக்கு என்று தெரிந்தது. நேட்டமைசினைச் செய்வது, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணில் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நேட்டலென்சிஸ். அது பூஞ்சைச் சவ்வின் எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொள்கிறது. செய்தவனின் சவ்வில் ஸ்டெரால் இல்லாததால் தன் நஞ்சு தன்னைத் தீண்டுவதில்லை. மண்ணில் பூஞ்சையோடு இடத்துக்குச் சண்டைபோட ஒரு பாக்டீரியா செய்த ஆயுதம், மண்ணிலிருந்து கண்ணுக்கு வந்த பூஞ்சையை அடக்குகிறது.

சவ்வுக்குள்ளே சைட்டோபிளாசம். அதில் பல்லாயிரம் ரைபோசோம்கள் மிதக்கின்றன. மரபுக் கட்டளையைப் படித்துப் புரதம் கோக்கும் தறிகள் அவை. மனிதனின் ரைபோசோமைவிட இவை சிறியவை, அச்சும் வேறு. 1943இல் ஆல்பர்ட் ஷாட்ஸ், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸிலிருந்து பிரித்த ஸ்ட்ரெப்டோமைசின், பாக்டீரியாவின் தறியில் மட்டும் நூலைச் சிக்கவைக்கிறது. பின்னால் வந்த கானமைசின், டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் யாவும் ரைபோசோமைக் குறிவைப்பவை, யாவும் மண்ணின் இழைப் பாக்டீரியாக்கள் தந்தவை.

இந்த இடத்தில் மதுரையின் பெயரைச் சுமக்கும் ஒரு பாக்டீரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு காட்டு வேலை செய்பவர்களின் காலில் முள் தைத்து வருடங்கள் கழித்து ஒரு வீக்கம் தொடங்கும். அதிகம் வலிக்காது. மெல்லப் பருத்துப் பாதம் முழுதும் புரைவைத்து, சீழோடு குருணை குருணையாக மணிகள் வெளிவரும். கடைசியில் எலும்பையும் தின்னும். கொசு பரப்பும் யானைக்காலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1842இல் மதுரையில் இருந்த கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை எழுதிவைத்தார். உலக மருத்துவத்தில் இது மதுரா கால் ஆயிற்று. கிரேயின் உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், பம்பாயில் இருந்தபடி இதை விரிவாக ஆராய்ந்து மைசிடோமா என்று பெயரிட்டார். 1894இல் பிரெஞ்சு மருத்துவர் வின்சென்ட், இந்தக் குருணைகளில் ஓர் இழை உயிரைக் கண்டு அதற்கு மதுரையின் பெயரை வைத்தார். 1970இல் மேரி லெஷவாலியேயும், ஜியோஸ்மினுக்குப் பெயரிட்ட அதே ஹூபர்ட் லெஷவாலியேயும் அதன் சுவரின் வேதியியலைப் பார்த்து, அது ஸ்ட்ரெப்டோமைசிஸின் தூரத்து உறவு என்று தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். இன்று அதன் பெயர் ஆக்டினோமதுரா மதுரே.

மதுரா கால் பாக்டீரியாவாலும் வரும், பூஞ்சையாலும் வரும். வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் வைத்தியம் முற்றிலும் வேறு. குருணை கருப்பானால் பூஞ்சை, சிவப்பானால் பாக்டீரியா. வெளிறியிருந்தால் ஆய்வகம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பாக்டீரியா என்றால் கால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஏனென்றால் அதன் ரைபோசோமைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோமைசினும், கானமைசினிலிருந்து செய்த அமிக்காசினும் கையில் இருக்கின்றன. இரண்டும் அதன் உறவுக்காரர்களின் சரக்கு. 2016இல் உலக சுகாதார நிறுவனம் மைசிடோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. காலைத் தின்னும் இந்தப் பேரினத்திலேயே கறிக்கோழிப் பண்ணைகளுக்கு உதவும் ஓர் இனமும் இருக்கிறது. கோழிகளின் ரத்தக்கழிச்சலுக்குத் தீவனத்தில் கலக்கும் மதுராமைசின், ஆக்டினோமதுரா யுமாயென்சிஸ் தருவது. அந்த மருந்தின் பெயரிலும் மதுரை ஒளிந்திருக்கிறது.

சைட்டோபிளாசத்தின் நடுவே சுருண்டு கிடப்பது டிஎன்ஏ. அதற்கு உட்கருச் சவ்வு இல்லை. எஷ்ஷரிஷியா கோலையின் டிஎன்ஏவை நீட்டினால் செல்லின் நீளத்தைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வரும். அதோடு பல பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்களையும் வைத்திருக்கின்றன. அவற்றை அண்டைவீட்டுக்குக் கைமாற்றுவதுபோல இன்னொரு செல்லுக்குக் கொடுக்கும். மருந்தை எதிர்க்கும் திறமை ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவைக் கோலையின் செல்லுக்குள் ஏற்றவும் இந்த வளையமே வண்டியாயிற்று. 1982இல் அந்த இன்சுலின் மருந்துக்கடைக்கு வந்தது. அதுவரை மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள்.

பயறு வகைகளின் வேரில் முடிச்சிடும் ரைசோபியங்கள் சிலவற்றில் அதற்கான மரபணுக்களும் பிளாஸ்மிட்டில் இருக்கின்றன. நிலக்கடலையோடும் தட்டைப்பயறோடும் சேரும் பிராடிரைசோபியத்தில் அவை முதன்மை டிஎன்ஏவிலேயே பதிந்திருக்கின்றன. பக்கவேர் கிளம்பும்போது ஏற்படும் விரிசல் வழியாக அது நிலக்கடலை வேருக்குள் நுழைகிறது. செடி அதற்கு முடிச்சு என்னும் வீடு கட்டிச் சர்க்கரை கொடுக்கிறது. அது காற்றின் நைட்ரஜனை அமோனியாவாக்கித் திருப்பித் தருகிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் என்றாலும் அதன் இரு அணுக்களின் பிணைப்பை உடைப்பது கடினம். உர ஆலையில் அதற்கு 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் காற்றழுத்தத்தைப்போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். நைட்ரோஜினேஸ் என்ற நொதி அதை மண்ணின் சூட்டிலேயே செய்கிறது. ஆனால் ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதனால் செடி முடிச்சுக்குள் நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரனான லெக்ஹீமோகுளோபினை நிரப்பி ஆக்சிஜனை அளந்து விடுகிறது. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு ஓய்ந்துவிட்டது. நூற்புழு போடும் வீக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. பாக்டீரியா முடிச்சு தேய்த்தால் உதிரும், நூற்புழு வீக்கம் வேரோடு வேராக இருக்கும். சோளத்துக்கு நடுவே துவரையும் தட்டைப்பயறும் ஊடுபயிராகப் போடும் பழக்கம் இந்த முடிச்சுகளால்தான் மானாவாரி நிலத்துக்குத் தாங்குகிறது.

சோளமும் கம்பும் முடிச்சு கட்டுவதில்லை. அவற்றின் வேரைச் சுற்றி வாழ்வது அசோஸ்பைரில்லம். அதற்கு உதவும் உறுப்பு கசையிழை. சவ்வில் பதிந்த ஒரு சுழல்பொறியும், அதிலிருந்து வெளியே நீளும் புரதச் சுருளும் சேர்ந்தது அது. வேர் கசியவிடும் சர்க்கரையையும் அமிலங்களையும் முகர்ந்து, கசையிழையைச் சுழற்றிப் பாக்டீரியா அந்தப் பக்கம் நீந்துகிறது. வேரை அடைந்ததும் கொஞ்சம் நைட்ரஜனைப் பிடிப்பதோடு, வேர்த்தூவிகளைப் பெருக்கும் ஹார்மோனையும் சுரக்கிறது. காலராக் கிருமி நீந்திப்போய்க் குடலை அடைவதற்கும் இதே உறுப்புதான் துணை.

கடைசி உறுப்பு எல்லாப் பாக்டீரியாவுக்கும் வாய்த்ததல்ல. உணவு தீர்ந்தால் பேசில்லஸ் இனங்கள் தம் டிஎன்ஏவைப் பல உறைகளுக்குள் பொதிந்து அகவித்தாக மாற்றிக்கொள்ளும். கொதிநீரையும் வறட்சியையும் தாங்கி அது வருடக்கணக்கில் கிடக்கும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் அகவித்தோடு ஒரு புரதப் படிகத்தையும் செய்கிறது. 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுவைக் கொன்ற நோயில் இஷிவாத்தா அதை முதலில் கண்டார். பத்து வருடம் கழித்து ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் பெர்லினர் மீண்டும் கண்டு அந்தப் பகுதியின் பெயரை வைத்தார். புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் படிகம் கரைந்து நஞ்சாகும். அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் இடம் மனிதக் குடலில் இல்லை. அந்தப் புரதத்தின் மரபணுவை ஏற்றிய பி.டி. பருத்திக்கு 2002இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. பச்சைக் காய்ப்புழு அடங்கியது. ஆனால் சில வருடங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத்திறன் பெற்றுத் திரும்ப வந்தது. பாக்டீரியா மண்ணில் எப்போதாவது, எங்கோ ஓரிடத்தில் வைக்கும் நஞ்சைக் காடு முழுக்க, பயிர்க்காலம் முழுக்க வைத்தால் புழுவும் அதற்குப் பழகிக்கொள்கிறது.

வேளாண் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்யும் நுண்ணுயிர் உரப் பொட்டலத்தில் இந்த உறுப்புகள் அத்தனையும் கைக்கு வந்துசேர்கின்றன. அதன் செய்முறை ஒவ்வொன்றுக்கும் காரணம் செல்லின் அமைப்பில் இருக்கிறது. ஹெக்டேருக்கான விதைக்கு 200 கிராம் பொட்டலம் மூன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலக்கச் சொல்கிறார்கள். பிசின் உறை செய்யும் ஒட்டுவேலையை அங்கே கஞ்சி செய்கிறது. விதையை நிழலில் அரைமணி நேரம் உலர்த்த வேண்டும். வெயில் நேரே பட்டால் சவ்வு வறண்டு, டிஎன்ஏ சிதையும். பூஞ்சைக்கொல்லியைத் தடவியிருந்தால் ஒருநாள் விட்டே இதைக் கலக்க வேண்டும். அந்த நச்சுகளில் பல, பாக்டீரியாவையும் விட்டுவைப்பதில்லை. ரைசோபியமும் அசோஸ்பைரில்லமும் அகவித்து இடத் தெரியாதவை, ஆகவே சில மாதங்களில் பொட்டலம் செத்துவிடும். தேதி பார்த்துத்தான் வாங்க வேண்டும். பேசில்லஸ் அடங்கிய பொட்டலம் அகவித்தின் தயவில் கூடுதல் நாள் தாங்கும். விதைக்கப் போகிறவர் காலில் செருப்பு இருக்க வேண்டும்.